எழுபது தப்படி தூரம்

என் மனைவி பால் கணக்கு எழுதும் நோட்டின் கடைசிப் பக்கத்தில் நான்கு கட்டங்கள் போட்டிருக்கின்றன. யாரை, எங்கிருந்து, எதற்கு, எத்தனை தடவை. எங்கள் சின்னவன் ஒரு வாரத்தில் எத்தனை முறை கத்தினான் என்ற கணக்கு அது. ஒவ்வொரு கத்தலுக்கும் ஒரு கோடு, ஐந்தாவது கோடு குறுக்கே. மதுரையில் பேச்சுப் பயிற்சி கொடுக்கும் அம்மா எழுதி வரச் சொன்னார்கள் என்று எழுதியது. அந்தப் பக்கத்தை முழுதாகப் படித்த ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. நாலைந்து மாதமாகிவிட்டது, இன்னும் மனசில் கிடந்து உருண்டுகொண்டே இருக்கிறது. அதனால்தான் எழுத உட்கார்ந்தேன்.

சின்னவனுக்கு எட்டு வயது. குரல் எப்போது மாறியது என்று திட்டமாகச் சொல்ல எங்களால் முடியவில்லை. அதுவே பெரிய வருத்தம். காய்ச்சல் வந்தால் எந்த நாள், எத்தனை மணிக்கு என்று சொல்கிறோம். குரல் மட்டும் எங்கள் எதிரிலேயே தேய்ந்துகொண்டு போயிருக்கிறது, ஒருத்தரும் கவனிக்கவில்லை. போன ஐப்பசியில் கோட்டையூரில் ஒரு கல்யாணம். பந்தியில் அவன் தண்ணீர் கேட்டதும் பக்கத்து இலையில் இருந்த பெரியவர் திரும்பிப் பார்த்து, "அடடா, அப்படியே அவுக ஐயா கொரலுல்ல!" என்றார். என் அப்பாவுக்குக் கட்டைக்குரல். முகப்பில் உட்கார்ந்து பேசினால் எதிர்வீட்டுக்குக் கேட்கும். அந்தக் குரல் பேரனுக்கு வந்துவிட்டது என்று சொந்தக்காரர்கள் அத்தனை பேருக்கும் சந்தோஷம். எனக்கும்தான். எட்டு வயதுப் பிள்ளைக்கு எழுபது வயதுக்காரர் குரல் எப்படி வரும் என்று எங்களில் ஒருத்தருக்கும் தோன்றவில்லை.

அப்புறம் தை மாதம் சிராவயல் மஞ்சுவிரட்டு. அவனைத் தோளில் ஏற்றிவைத்துக்கொண்டு நின்றேன். ஒவ்வொரு மாடு அவிழ்ந்து வரும்போதும் என் தலைமுடியைப் பிடித்துக்கொண்டு கத்தினான். மறுநாள் காலையில் வாயைத் திறந்தால் வெறும் காற்று. மூன்று நாளில் சத்தம் திரும்பியது, ஆனால் நடுநடுவே அறுந்து அறுந்து வந்தது. காலையில் கொஞ்சம் தேவலை, பள்ளிக்கூடம் விட்டு வரும்போது கரகரவென்று இருக்கும். "சிராவயல்ல போன கொரலு" என்று வீட்டில் ஒரு பேச்சே நிலைத்துவிட்டது. கூட்டிக்கொண்டு போனவன் நான் என்பதால் பழி என் தலையில். நானும் அப்படித்தான் நம்பினேன்.

வைத்தியத்துக்குக் குறைவில்லை. அதிமதுரம், சித்தரத்தை, மிளகு போட்ட பால், பனங்கற்கண்டு. உள்ளூரில் ஒரு டாக்டர் வாயைத் திறக்கச் சொல்லி டார்ச் அடித்துப் பார்த்து, தொண்டை சிவந்திருக்கிறது என்று ஐந்து நாளைக்கு ஆன்டிபயாடிக் கொடுத்தார். அடுத்த மாதம் மறுபடி, அதற்கடுத்த மாதம் மறுபடி. டார்ச் வெளிச்சத்தில் தெரிவது தொண்டையின் பின்சுவர் மட்டும்தான், குரல் பிறக்கிற இடம் அதற்கும் கீழே குரல்வளைக்குள் இருக்கிறது என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. பனங்கற்கண்டு விஷயமும் அப்படித்தான். நாம் விழுங்குவது எதுவும் அங்கே சத்தத்தை எழுப்புகிற குரல் நாணைத் தொடுவதில்லை. அது பின்னால் இருக்கும் உணவுக்குழாய்க்குப் போய்விடும். தப்பித்தவறி முன்பக்கம் போனால்தான் புரையேறுகிறது. பாலும் கற்கண்டும் தொண்டைக்கு இதமாக இருந்திருக்கலாம். நாணை நனைத்திருக்காது.

பள்ளிக்கூடத்தில் நடந்தது இதைவிட வலித்தது. திருக்குறள் ஒப்புவிக்கிற போட்டிக்குப் பெயர் கொடுத்திருந்தவனை எடுத்துவிட்டார்கள். பாடம் வாசிக்கச் சொன்னால் வேண்டுமென்றே முரட்டுத்தனமாகப் பேசுகிறான், அடங்கிப் பேசப் பழக்குங்கள் என்று டைரியில் ஒரு வரி. அவனிடம் கேட்டேன். "நான் சும்மாதாம்ப்பா பேசுனேன்" என்றான். அதற்குப் பிறகு வகுப்பில் கை தூக்குவதையே நிறுத்திவிட்டான் என்று அவன் சேக்காளி ஒருவன் சொல்லித்தான் தெரியும். குரல் கெட்ட பிள்ளையை உலகம் நோயாளியாகப் பார்ப்பதில்லை. திமிர் பிடித்தவன், அடங்காதவன் என்று குணத்தில் கொண்டுபோய் வைத்துவிடுகிறது.

உடுக்கை

பங்குனியில் மதுரைக்குப் போனோம். காரைக்குடியிலிருந்து திருப்பத்தூர், மேலூர் வழியாக இரண்டு மணி நேர பஸ். காது மூக்கு தொண்டை டாக்டர் அவனை என் மடியில் உட்கார வைத்து, மூக்கில் மரத்துப்போகிற மருந்தை அடித்து, பென்சிலைவிட மெல்லிசான வளையும் குழாய் ஒன்றை உள்ளே விட்டார். குழாய் நுனியில் கேமரா. சின்னவன் என் கட்டைவிரலை இறுக்கிப் பிடித்துக்கொண்டான், கண்ணில் தண்ணீர் வழிந்தது, ஆனால் ஆடவில்லை. திரையில் அவன் குரல் நாண்கள் தெரிந்தன. முத்து வெள்ளையில் இரண்டு மெல்லிய விளிம்புகள். மூச்சு விடும்போது விரிந்து நிற்கின்றன, "ஈ" என்று சொல்லச் சொன்னால் ஓடிவந்து சேர்கின்றன. ஆனால் முழுசாகச் சேரவில்லை. முன்பக்கத்திலிருந்து மூன்றில் ஒரு பங்கு தள்ளி, இரண்டு விளிம்பிலும் எதிரெதிரே கடுகு மாதிரி ஒரு புடைப்பு. நாண்கள் நெருங்கும்போது அந்தப் புடைப்புகள்தான் முதலில் முட்டுகின்றன. அவற்றுக்கு முன்னும் பின்னும் இடைவெளி அப்படியே நிற்கிறது. நடுவில் ஒடுங்கி இரண்டு பக்கமும் விரிந்த உடுக்கை மாதிரி. அந்த இரண்டு இடைவெளி வழியாகவும் காற்று ஒழுகுகிறது. நாங்கள் ஐயா குரல் என்று கொண்டாடியது அந்த ஒழுகலைத்தான்.

டாக்டர் சொன்ன சொல் எனக்கு அப்படியே நினைவிருக்கிறது. "பயப்படாதீங்க. புத்துநோய் கிடையாது. காய்ப்பு. மண்வெட்டி பிடிக்கிறவுக உள்ளங்கையில காய்ச்சுப் போகும்ல, அதே சங்கதிதான்." குரல் நாண் முடிச்சு என்று தாளில் எழுதிக் கொடுத்தார். நாண்கள் ஒன்றோடொன்று மோதித்தான் சத்தம் வருகிறது. குழந்தைகளின் குரலுக்கு நொடிக்கு 250, 300 தடவை மோதுகின்றன. ஒரு நிமிடம் நீட்டிக் குரல் கொடுத்தால் 15,000 தடவைக்கு மேல். கத்தும்போது மோதல் வேகமும் கூடுகிறது, பலமும் கூடுகிறது. அதிகம் அடிபடுகிற இடம்தான் அந்த மூன்றில் ஒரு பங்குப் புள்ளி. பிறந்த குழந்தைக்கு நாணின் நீளம் சுமார் 3 மில்லிமீட்டர், வளர்ந்த ஆணுக்கு 17 முதல் 21. இவனுடையது இடையில் எங்கேயோ நிற்கிற பிஞ்சு. உள்ளே இருக்கும் அடுக்குகள்கூட வயதுக்கு வரும் பருவத்தில்தான் முழுசாக அமையுமாம்.

அறுவை செய்து எடுத்துவிடலாமா என்று கேட்டேன். பிள்ளைகளுக்கு அவ்வளவு சீக்கிரம் கத்தி வைப்பதில்லை என்றார். பிஞ்சு நாணில் தழும்பு விழுந்தால் குரலுக்கு அதுவே கேடாகிவிடலாம். பழக்கம் மாறாமல் வெட்டியெடுத்தால் காய்ப்பு திரும்பவும் காய்க்கும். வயதுக்கு வரும்போது குரல்வளை வளர்ந்து பெரும்பாலான பையன்களுக்குத் தானாகவே போய்விடும் என்பதும் உண்மை. அப்படியானால் நாலைந்து வருடம் பொறுத்துக்கொள்ளலாமே என்று யாராவது சொன்னால், நான் அந்த டைரி வரியைத்தான் காட்டுவேன். எட்டிலிருந்து பதின்மூன்று வயது வரை வாயைத் திறக்கக் கூச்சப்படும் பிள்ளைக்கு அந்த வருடங்களை யார் திருப்பித் தருவது?

இன்னொன்றையும் அவர் அழுத்திச் சொன்னார். நான்கு வாரத்துக்கு மேல் குரல் கரகரப்பு நீடித்தால், யாராக இருந்தாலும், உள்ளே பார்த்துவிட வேண்டும். எல்லாக் கரகரப்பும் காய்ப்பு அல்ல. நீர்க்கட்டி இருக்கலாம். வைரஸால் வரும் மருவாக இருந்தால் மூச்சுப் பாதையையே அடைத்துவிடக்கூடும். மூச்சு இழுக்கும்போது சத்தம் வந்தாலோ, மூச்சுத் திணறினாலோ அன்றைக்கே ஓட வேண்டும். நாங்கள் ஐந்து மாதத்தை ஐயா குரல் என்று கொண்டாடியும் பால் காய்ச்சியும் போக்கிவிட்டோம். அதை நினைத்தால் இப்போதும் வயிற்றைப் பிசைகிறது.

நோட்டில் விழுந்த கோடுகள்

டாக்டர் எங்களைப் பேச்சுப் பயிற்சி அம்மாவிடம் அனுப்பினார். அவர்களிடம் நான் சிராவயல் கதையைக் குற்றவாளி மாதிரி ஒப்பித்தேன். கேட்டுவிட்டு, "ஒரு நாள் மண்வெட்டி பிடிச்சா கொப்புளம்தான் வரும், காய்ப்பு வராதுங்க. காய்ப்புன்னா அது தினமும் நடக்குற வேலை" என்றார்கள். வீட்டில் யாருக்காவது காது மந்தமா என்று கேட்டார்கள். என் ஆத்தாவுக்குக் கொஞ்சம் உண்டு, வயதாகிவிட்டது என்று சொல்லிவிட்டு அடுத்த பேச்சுக்குப் போய்விட்டேன். அந்தக் கேள்வியை அவர்கள் ஏன் கேட்டார்கள் என்று யோசிக்கக்கூட இல்லை.

எங்கள் வீட்டைப் பற்றி இங்கே சொல்ல வேண்டும். காரைக்குடிப் பக்கம் பள்ளத்தூரில் பழைய வீடு. நாலு பங்காளிகளுக்குச் சொந்தம், மற்றவர்கள் முன்னோர்களைக் கும்பிடுகிற படைப்புக்கும் கல்யாணத்துக்கும் வருவார்கள். வருடம் முழுக்க இருப்பது நாங்கள் ஐந்து பேர்தான். முகப்பு ஒரு தெருவில், பின்கதவு அடுத்த தெருவில். முகப்பிலிருந்து வளவு என்கிற நடு முற்றத்தைக் கடந்து, அதற்குப் பின்னால் இருக்கும் இரண்டாங்கட்டைக் கடந்து அடுப்படிக்குப் போக எழுபது தப்படி. இந்த வீட்டில் பிறந்தவர்கள் யாரும் எழுந்து போய்ப் பேசுவதில்லை, இருந்த இடத்திலிருந்தே குரல் கொடுப்போம். ஆள் நிறைந்திருந்த காலத்தில் கைமாற்றிக் கைமாற்றிச் சேதி போய்ச் சேர்ந்திருக்கும். இன்று எழுபது தப்படியையும் ஒரே தொண்டை கடக்க வேண்டியிருக்கிறது. திறந்த வெளியில் தூரம் இரண்டு மடங்கானால் சத்தம் 6 டெசிபல் குறையும். அந்தக் குறைவையெல்லாம் எட்டு வயதுப் பிள்ளை தொண்டையால் ஈடுகட்டிக்கொண்டிருந்தான்.

நோட்டுக்கு வருகிறேன். ஏழு நாளில் மொத்தம் 94 கோடுகள். என்னைக் கூப்பிட 11, அவன் அம்மாவை 13, தெருவில் கிரிக்கெட் ஆடும்போது 9. மீதி 61 கோடும் ஒரே பெயருக்கு எதிரே இருந்தன. அப்பத்தா. எதற்கு என்ற கட்டத்தில் என் மனைவி சின்னச் சின்ன எழுத்தில் குறித்திருந்தாள். மாத்திரை போட்டாச்சா. பல்லி விழுந்த கதை. சாப்பாட்டுக்கு என்ன. டிவியில் என்ன சொல்கிறான். ஓலைக் கொட்டான் எப்படிப் பின்னுவது. போன்ல அத்தை என்ன சொன்னாக. கணக்கில் எத்தனை மார்க். மழை வருமா.

எனக்கு உடனே புரியவில்லை. அப்பத்தாவோடு ஏன் இவ்வளவு பேசுகிறான் என்றுதான் முதலில் தோன்றியது. பிறகு, நான் இந்த வாரம் ஆத்தாவிடம் என்ன பேசினேன் என்று யோசித்துப் பார்த்தேன். "சாப்டியா?" என்று கையால் ஜாடை காட்டியது நினைவு வந்தது. மருந்துச்சீட்டைக் கொடுத்தது நினைவு வந்தது. அதற்குமேல் ஒன்றுமில்லை. என் மனைவியும் மகளும் அப்படித்தான். கத்த வேண்டியிருக்கிறதே, இரண்டு தடவை சொல்ல வேண்டியிருக்கிறதே என்று நாங்கள் மூன்று பேரும் கொஞ்சம் கொஞ்சமாகப் பேச்சைக் குறைத்துக்கொண்டு ஜாடைக்கு வந்துவிட்டோம். முடிவெடுத்துச் செய்ததல்ல, அப்படி ஆகிவிட்டது. ஆத்தாவுக்குப் பேச்சுத்துணை என்று இந்த வீட்டில் மிஞ்சியது அவன் ஒருத்தன்தான். வீட்டில் நடப்பது, தெருவில் நடப்பது, போனில் வருவது எல்லாம் அவன் வழியாகத்தான் அவளுக்குப் போய்க்கொண்டிருந்தது. நாங்கள் விட்ட வேலையை அவன் தூக்கிச் சுமந்திருக்கிறான். அந்தச் சுமைக்குத்தான் காய்ப்பு காய்த்திருக்கிறது.

அவனைப் பார்த்து "கத்தாதே, கத்தாதே" என்று நாங்கள் சொன்னதெல்லாம் அப்போது எனக்குக் கேட்டது. கத்தாமல் இருந்தால் அப்பத்தாவோடு பேசாமல் இரு என்றல்லவா அதற்கு அர்த்தம். இடையில் நானே அவனை "குசுகுசுன்னு பேசு" என்று வேறு பழக்கியிருந்தேன். தொண்டையை இறுக்கிக்கொண்டு குசுகுசுப்பதும் நாணுக்குக் கெடுதல்தான் என்று பயிற்சி அம்மா சொன்னார்கள். வாயே திறக்காமல் மௌனமாக வைத்திருப்பதும் பிள்ளைகளிடம் நடக்காது, நடந்தாலும் பேசும் முறை மாறாது. செருமிக் கனைக்கிற பழக்கம் அவனுக்கு வந்திருந்தது. அதுவும் ஒரு மோதல்தான். செருமத் தோன்றினால் ஒரு மடக்குத் தண்ணீர் குடித்து விழுங்கு என்றார்கள். டம்ளர் தண்ணீரில் ஸ்ட்ராவை வைத்து "ஊ" என்று சத்தம் கொடுத்துக்கொண்டே குமிழி விட வேண்டும், உதட்டில் அதிர்வு தெரிய "ம்ம்ம்" என்று முனக வேண்டும். குமிழி விடுவது அவனுக்கு விளையாட்டு. காலையிலும் மாலையிலும் ஐந்தைந்து நிமிடம்.

ஆத்தாவின் காது

அடுத்த முறை மதுரைக்குப் போனபோது ஆத்தாவையும் கூட்டிப்போனேன். கண்ணாடி அறையில் உட்கார வைத்து இரண்டு காதையும் சோதித்தார்கள். தாளில் வந்த கோடு தணிந்த சத்தத்துக்கான இடது ஓரத்தில் ஓரளவு மேலேயே போய், கீச்சுச் சத்தத்துக்கான வலது ஓரத்தில் சரிந்து இறங்கியது. தணிந்த சத்தமெல்லாம் கேட்கிறது, கீச்சுச் சத்தம் போய்விட்டது. வயதானால் முதலில் போவது அதுதான். க, ச, த, ப போன்ற எழுத்துகளின் அடையாளம் அந்தக் கீச்சில்தான் இருக்கிறது. அதனால் பத்து என்றாலும் சத்து என்றாலும் அவளுக்கு ஏறக்குறைய ஒன்றுதான். சத்தம் கேட்கும், சொல் புரியாது. நாம் கத்தும்போது கூடுவது பெரும்பாலும் ஆ, ஓ என்கிற உயிரொலி, அவளுக்கு ஏற்கனவே கேட்கிற பகுதி. அவளுக்கு வேண்டிய மெய்யெழுத்து அந்தக் கத்தலில் இன்னும் மங்கிப்போகிறது. "ஏண்டா இப்புடிக் கத்துற, காதுதான் வலிக்குது" என்று அவள் அடிக்கடி கோபப்படுவாள். கேட்கவில்லை என்கிறவள் கத்தினால் வலிக்கிறது என்கிறாளே என்று நாங்கள் அலுத்துக்கொண்டிருக்கிறோம். இரண்டும் உண்மைதான். மந்தமான காதுக்கு மெல்லிய சத்தம் எட்டாது, கொஞ்சம் கூடினாலோ தாங்காது.

ஆக, அந்த 61 கத்தலில் பாதிக்கு மேல் அவளுக்கு உதவியிருக்கவே வாய்ப்பில்லை. பக்கத்தில் போய், முகத்துக்கு நேரே, வெளிச்சத்தில் உட்கார்ந்து, நிதானமாக, சாதாரணக் குரலில் பேசினால் போதுமாம். அவனுடைய நாணுக்கு நல்லது எதுவோ அதுவே அவள் காதுக்கும் நல்லது. இதை அந்தக் கண்ணாடி அறைக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தபோது கேட்டேன். ஆத்தா பக்கத்தில்தான் இருந்தாள். எத்தனையோ மாதத்துக்குப் பிறகு அவள் முகத்தை நேராகப் பார்த்து, ஒவ்வொரு வார்த்தையாக, "பசிக்குதா ஆத்தா? இட்லி வாங்கட்டுமா?" என்றேன். "ரெண்டு போதும்ப்பா" என்றாள். உடனே, முதல் தடவையிலேயே.

காது மிஷின் வாங்கினோம். அதைப் பாதி நாள் டப்பாவில்தான் வைத்திருக்கிறாள், பாத்திரம் உருட்டுகிற சத்தம் தாங்கவில்லை என்கிறாள். மெதுவாகப் பழகும் என்றிருக்கிறார்கள். வீட்டில் கூப்பிடுவதற்கு மணி வைத்துவிட்டோம். சாமான் அறையில் கிடந்த பழைய வண்டிமாட்டு மணியைச் சின்னவன்தான் தேடி எடுத்துத் துடைத்து வளவுத் தூணில் கட்டினான். ஒரு தட்டு அவனுக்கு, இரண்டு தட்டு எனக்கு. முதல் வாரம் சிரிப்பாக இருந்தது, இப்போது பழகிவிட்டது. எழுந்து நடக்கிறோம். கல்யாணத்துக்கு வந்த பங்காளி வீட்டு ஆட்கள் வழக்கம்போல முகப்பிலிருந்து குரல் கொடுத்தார்கள், யாரும் பதில் கொடுக்காமல் நேரில் போய் நின்றதும் திகைத்துப் போனார்கள். பள்ளிக்கூடத்துக்கு டாக்டர் கடிதத்தை எடுத்துப் போனேன். டைரியில் எழுதிய அதே ஆசிரியை அவனை முன்பெஞ்சுக்கு மாற்றியிருக்கிறார்.

ஆடியில் மறுபடி குழாய் விட்டுப் பார்த்தார்கள். இடது பக்கத்துக் காய்ப்பு தட்டையாகிவிட்டது, வலது பக்கம் இன்னும் கொஞ்சம் இருக்கிறது. சாயங்காலத்தில் குரல் இன்னும் மங்குகிறது. காலையில் பிரார்த்தனைப் பாட்டில் மேலே போகிற இடத்தில் முன்பு காற்றாகப் போனது, இப்போது பாதி தூரம் ஏறுகிறது. புரட்டாசியில் அடுத்த முறை வரச் சொல்லியிருக்கிறார்கள்.

நேற்று மாலை மணி ஒரு தட்டு தட்டியது. அடித்தது ஆத்தா. சின்னவன் முகப்பில் வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தான். பென்சிலை வைத்துவிட்டு எழுந்து போனான். நான் வளவில் நின்றிருந்தேன். இரண்டாங்கட்டில் அவள் ஓலையை மடியில் வைத்துக்கொண்டு கொட்டான் பின்னிக்கொண்டிருந்தாள். எதிரே உட்கார்ந்து என்னவோ சொன்னான். "பெட்டியா?" என்றாள் அவள். "சட்டி அப்பத்தா" என்றான். "பெட்டிய எதுக்குடா ராசா இப்பக் கேக்குற?" அவன் குரலைக் கூட்டவில்லை. முட்டி போட்டு ஒரு சாண் முன்னால் நகர்ந்து, அவள் கையிலிருந்த ஓலையை மெல்ல இறக்கிவிட்டு, அவள் தன் வாயைப் பார்க்கும்வரை காத்திருந்து, மறுபடி சொன்னான்.